சாப்பாட்டு நேரத்தில் வரும் வெள்ளைக் குருவி

அக்டோபர் 22, 2025. புதன்

தீபாவளிக்கு வந்திருந்த என் பிள்ளை கோமதேஷ் இன்று காலை பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டான். போகிற போக்கில் ஒரு கறுப்புப் பையை என் பீரோவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். உள்ளே ஒரு கேமரா, முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். போன வருஷம் புலியைப் படம் எடுக்கிறேன் என்று வாங்கினான். புலி இவனுக்காக வெளியே வரவில்லை. இப்போது பிள்ளைக்குச் சைக்கிள் பைத்தியம்.

"இத சித்தப்பா கேட்டாரும்மா. பொங்கலுக்கு வரும்போது எடுத்துக் குடுத்துடறேன்னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் எலி கடிக்காம பாத்துக்கோ."

சித்தப்பா என்றால் என் கொழுந்தன் ஜீவகன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். செஞ்சியில் பாதிக் கல்யாணம் அவர் கேமராவுக்குள்தான் நடக்கிறது.

எலி கடிக்காமல் பார்த்துக்கொள்வதில் எனக்கு நல்ல பேர். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அதைத்தான் செய்கிறேன். மத்தியானம் அத்தை தூங்கிய பிறகு பையைத் திறந்தேன். எலி இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

அக்டோபர் 26. ஞாயிறு

கனம் என்றால் அப்படி ஒரு கனம். பரங்கிக்காயை ஏந்திக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. கொல்லையில் துணி துவைக்கிற கல்மேல் ஒரு மைனா. லென்ஸை அதன் பக்கம் திருப்பி, கண்ணை வைத்தேன்.

கண்ணைச் சுற்றி மஞ்சள். தலை, எண்ணெய் தடவிப் படிய வாரின கறுப்பு. தினமும் நான் போடும் சோற்றைத் தின்கிற மைனாதான். அதன் முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏன் வந்தது? தெரியவில்லை. வயசாகிறது, வேறென்ன.

எடுத்த படங்களில் விழுந்தவை: மைனா இல்லாத கல், மைனாவின் வால், என் செருப்பு.

அக்டோபர் 31. வெள்ளி

போனில் கோமதேஷிடம் கேட்டேன், படமெல்லாம் ஏன் கலங்கிப்போகிறது என்று. "ஷட்டர் ஸ்பீடை ஏத்துமா. ஆயிரத்துக்கு மேல வை" என்றான். பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது. "ஆமா, நீ ஏன் அதத் தொடுற?"

எலிக்காக என்றேன்.

நவம்பர் 5. புதன்

நயினார் வீடுகளில், அதாவது எங்களைப் போன்ற தமிழ்ச் சமணர் வீடுகளில், பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. எங்கள் வீட்டில் பொழுது சாய்வது என்றால் ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவது. அத்தைக்கு அதுதான் கணக்கு. என் வீட்டுக்காரர் மல்லாட்டை மண்டியிலிருந்து (வேர்க்கடலைதான் அவருக்குத் தொழில்) வண்டியில் வந்து, கைகால் கழுவி, சாப்பிட்டுவிட்டு, திரும்ப மண்டிக்குப் போவார். அந்த அரைமணி நேரம் நான் அடுப்புக்கும் தட்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பேன். கல்யாணமான மறுநாளிலிருந்து இதே ஓட்டம்.

இன்று அவருக்கு ரசம் ஊற்றும்போது சமையலறை ஜன்னல் வழியே பார்த்தால், முருங்கை மரத்தில் ஏதோ வெள்ளையாக ஆடுகிறது. காகிதம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். காகிதம் எழுந்து பறந்து, கிணற்றோரக் கல்தொட்டியில் சளக்கென்று விழுந்து, மறுபடி கிளைக்கே போனது. வெள்ளை உடம்பு. கறுத்த தலை, அதில் ஒரு கொண்டை. வால் — ஒரு முழத்துக்கு இரண்டு வெள்ளை நாடா!

ரசத்தை அவர் கைமேல் ஊற்றிவிட்டேன்.

"இன்னா பாக்கிற?"

"வெள்ளையா ஒரு குருவிங்க. வால் இவ்ளோ நீளம்."

"கொக்கா இருக்கும்."

கொக்குக்கு ஏது வால்? இந்த மனுஷருக்கு உலகத்தில் இரண்டே பறவைதான். கறுப்பாக இருந்தால் காக்கா, வெள்ளையாக இருந்தால் கொக்கு. நான் கை துடைத்துக்கொண்டு ஓடுவதற்குள் தொட்டித் தண்ணீர் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

நவம்பர் 7. வெள்ளி

அதற்குப் பேர் கிடைத்துவிட்டது. பறவைப் படம் எடுக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் கோமதேஷ் என்னைச் சேர்த்துவிட்டிருக்கிறான். அதில் திண்டிவனத்துக்காரர், பார்த்திபன் என்று ஒருவர் எழுதினார்: "அரசவால் ஈபிடிப்பான் மேடம். வளர்ந்த ஆண்தான் அப்படி வெள்ளையா இருக்கும். பொழுது போகிற நேரம் குளிக்க வரும். குளிர்காலம் முடிஞ்சா போயிடும். படம் இருக்கா?"

படம் இல்லை.

எடுக்கிறேன். பொங்கலுக்குள் எடுத்தே தீருவேன். பொங்கலுக்கு அப்புறம் இந்த லென்ஸ் ஜீவகனோடு போய் மாப்பிள்ளைகளின் மூக்கைப் படம் எடுக்கப்போகிறது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

நவம்பர் 9. ஞாயிறு

ஜீவகன் வந்திருந்தார். நான் கொல்லையில் லென்ஸும் கையுமாக நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணி, இது லேடீஸ் தூக்கற லென்ஸ் இல்ல. மணிக்கட்டு போயிடும்."

"மோட்டார் வர்றதுக்கு முன்னாடி இந்தக் கெணத்துல தண்ணி சேந்தினது யாரு? நீயா?"

வெள்ளைக் குருவியைப் பற்றிச் சொன்னேன். அவரும் கொக்குக் கட்சிதான். "ஒரு படம் காட்டுங்க, ஒத்துக்கிறேன்" என்றார். போகும்போது லென்ஸை ஒரு தடவு தடவிவிட்டுப் போனார். சம்பந்தம் பேசி முடித்த பெண்ணைப் பார்க்கிற பார்வை.

நவம்பர் 13. வியாழன்

கை நடுக்கத்துக்கு மருந்து கண்டுபிடித்தேன். பழைய தலையணை உறையில் மல்லாட்டையை நிரப்பித் தைத்து, கிணற்றுச் சுவர்மேல் வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் அம்மி மாதிரி அசையாமல் உட்காருகிறது. பெருமையாக இருந்தது. கொண்டைக்குருவி ஒன்று கொய்யாக் கிளையில் வசமாக வந்து உட்கார்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை வைத்தேன் — லென்ஸ் மெதுவாக இடது பக்கம் சாய்கிறது. குனிந்து பார்த்தால் அணில். உறையைக் கடித்து ஓட்டை போட்டு, எதிரிலேயே உட்கார்ந்து உரித்துத் தின்கிறது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. மல்லாட்டையைக் கொட்டிவிட்டு உமி போட்டுத் தைத்தேன்.

நவம்பர் 16. ஞாயிறு

பார்த்திபன் யோசனை சொன்னார். ஈபிடிப்பான் தானியம் தின்னாது; உயிருள்ள புழுவைக் கிண்ணத்தில் வைத்தால் நாம் சொல்கிற இடத்தில் வந்து உட்காருமாம். புழு பெட்டியில் அடைத்து விற்கிறார்களாம், வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டார்.

இங்கே குடிக்கிற தண்ணீரையே துணியில் வடிகட்டி, வடிகட்டின துணியைக் கிணற்றுத் தண்ணீரில் அலசி விடுகிறோம், அதிலிருக்கும் உயிர் பிழைக்கட்டும் என்று. புழுப் பெட்டியோடு தபால்காரர் வாசலில் நின்றால் அத்தை என்னை அதே தபாலில் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பயம் மட்டும் இல்லை, எனக்கே மனசு ஒப்பாது. "எங்கள் வீட்டில் புழுவும் விருந்தாளிதான் சார்" என்று எழுதினேன். மனுஷர் நல்லவர். உடனே வேறு வழி சொன்னார்: மேலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டால் பறவை இறங்கும்.

பழைய பிளாஸ்டிக் குடத்தில் ஊசித்துளை போட்டு முருங்கைக் கிளையில் கட்டினேன். அத்தை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒன்று கேட்டார்.

"வடிகட்டின தண்ணிதானே அது?"

"குருவிக்குத்தான் அத்தை."

"அதுக்கு வயிறு இல்லியா?"

வடிகட்டித்தான் ஊற்றினேன். தூசி போய் அடைக்காமல் ஒரே சீராகச் சொட்டுகிறது. அத்தை சொன்னதும் ஒருவிதத்தில் நல்லதுதான்.

நவம்பர் 20. வியாழன்

முதல் நல்ல படம்!!

மின்சாரக் கம்பியில் பஞ்சுருட்டான். காலை வெயில். இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. அலகில் ஒரு பட்டாம்பூச்சி. வீட்டுக்குள் ஓடிப்போய் முதலில் கண்ணில் பட்டவரிடம் காட்டினேன். பட்டவர் அத்தை.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "பாவம், அந்தப் பூச்சிய ஏன் படம் புடிச்ச?"

"குருவியைத்தான் எடுத்தேன் அத்தை."

"பூச்சிதான் நல்லா விழுந்திருக்குது."

பெரிசாக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். பறவையின் கண் கலங்கல். பட்டாம்பூச்சியின் மீசைகூடத் தெளிவு. ஃபோகஸ் ஒரு விரற்கடை தவறிவிட்டது. கண்ணில் வைக்க வேண்டும், கண்ணில்.

நவம்பர் 24. திங்கள்

வெள்ளை தினமும் வருகிறது. தினமும் ரசம் நேரத்தில் வருகிறது. சளக், சளக் என்று தொட்டியில் விழுகிற சத்தம் சமையலறைக்குக் கேட்கிறது. நான் அப்பளம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று நாலு மணிக்கே எல்லாம் செய்து தட்டு போட்டேன். அத்தை கையை வைக்கவில்லை. "மாடு மேய்ஞ்சுகினு இருக்கிற நேரத்துல இன்னா சோறு?" அவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார், ஆறிப்போனதைச் சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாமல் சாப்பிடுகிறதற்குப் பேர்தான் சண்டை. எனக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஒருநாள் நீங்களே போட்டுக்கினா கை தேஞ்சிடுமா?"

"ரசம் எங்க இருக்குதுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

நிஜமாகவே தெரியாது அவருக்கு. அடுப்படியில் இருக்கிற ரசம்! எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 1. திங்கள்

மழை. மழை. லென்ஸ் பைக்குள், நான் வீட்டுக்குள்.

டிசம்பர் 6. சனி

ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் கொல்லைக்கு ஓடி, ஒரு படம் எடுத்துவிட்டேன். வெள்ளைதான், தொட்டி ஓரத்தில்தான். ஆனால் படத்தில் இருப்பது சுண்ணாம்பு அடித்த உருண்டை. இறகு இல்லை, கண் இல்லை. பார்த்திபன் பார்த்துவிட்டு எழுதினார்: "இருட்டுப் பின்னணியில் வெள்ளைப் பறவை ரொம்பக் கஷ்டம் மேடம். கேமரா ஏமாந்துபோய் வெளிச்சத்தைக் கூட்டிடும். நீங்க குறைக்கணும்."

ஜீவகனுக்கும் அனுப்பினேன். "கொக்கு முட்டை" என்று பதில் வந்தது.

இருக்கட்டும்.

டிசம்பர் 10. புதன்

அவருடைய வெள்ளை வேட்டியை முருங்கை நிழலில் கொடியில் போட்டு, பொழுது சாய்கிற நேரத்துக்கு முன்னால் நின்று படமாக எடுத்துத் தள்ளுகிறேன். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறை, இன்னும் குறை. முதலில் வெறும் சுண்ணாம்பு. அப்புறம் மடிப்பு தெரிந்தது. கடைசியில், இன்று, வேட்டியின் நூலிழை தெரிந்தது! கரையில் இருந்த ரசக்கறையும் தெரிந்தது.

அவர் கேமராவை வாங்கிப் பார்த்தார். "என் வேட்டிய ஏன் இவ்ளோ படம் எடுத்து வெச்சிருக்கிற?"

"அழகா இருக்குதுன்னுதான்."

மனுஷர் வெட்கப்பட்டுவிட்டார். பாவம், உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது வெளிச்சம் கைக்கு வந்துவிட்டது. நேரம்தான் இல்லை. வெள்ளை குளிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேண்டும்.

டிசம்பர் 16. செவ்வாய்

மார்கழி பிறந்தது. இன்று நான் சாப்பிடவில்லை.

யோசித்துத்தான் செய்தேன். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு நான் உட்கார்ந்து சாப்பிடுகிற நேரத்தை மிச்சம் பிடித்தால் அது கொல்லையில் எனக்குக் கிடைக்கும். பொழுது சாய்ந்துவிட்டால் காலைவரை பட்டினி. இருந்தால் என்ன? குழந்தை பெற்ற உடம்பு, ஒருவேளை தாங்காதா?

என் தட்டு காலியாக இருப்பதை அத்தை பார்த்தார். "இன்னாடி, நோன்பா?"

நான் "ம்" என்றேன்.

ஒரு எழுத்துதான். அதுவும் வாயைத் திறக்காமல் சொன்னது.

டிசம்பர் 19. வெள்ளி

"ம்" என்ற சொல்லுக்கு இவ்வளவு பலமா! மார்கழியில் ஒருபொழுது நோன்பு இருக்கிறவள் பரிமாறக்கூடாதாம்; அமைதியாக ஒரு பக்கம் உட்கார வேண்டுமாம். அத்தையே மகனுக்குத் தட்டு போடுகிறார். நான் ஐந்து மணிக்கெல்லாம் கொல்லையில், வாழை மறைவில், உமி மூட்டையில் லென்ஸைச் சாய்த்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். தியானம்! அத்தை அப்படித்தான் அக்கம்பக்கத்தில் சொல்கிறார். கேமராவை என்னவென்று நினைக்கிறாரோ.

இன்று வெள்ளை வரவில்லை. தேன்சிட்டும் தவிட்டுக்குருவியும் வந்தன. தவிட்டுக்குருவிகள் ஏழும் ஒரே கிளையில், தோளோடு தோள் ஒட்டி, தலை துவட்டிக்கொள்கின்றன. எல்லாக் கண்ணும் தெளிவு. பார்த்திபன் குழுவில் எல்லோருக்கும் காட்டி, "இதுதான் படம்" என்று எழுதிவிட்டார். அதை எத்தனை தடவை படித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

வயிறு கத்துகிறது. கத்தட்டும்.

டிசம்பர் 24. புதன்

வினை முற்றிக்கொண்டு வருகிறது. எதிர்வீட்டு மகாலட்சுமி அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலத்துல யாரு இருக்கிறாங்க இப்படி? எதுக்கு வேண்டிகினு இருக்கிற? கோமதேஷ் கல்யாணத்துக்கா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தெருப் பெண்கள் எல்லோரும் தாம்பாளத்தோடு வந்து மரியாதை செய்யப்போகிறார்களாம். மார்கழி முடிந்ததும் மேல்சித்தாமூர் சமண மடத்துக்கு வேன் வைத்துப் போய் நோன்பை முடித்துவைப்பதாகப் பேச்சு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் சோற்றையே மறைத்து வைத்திருக்கிறேன்.

வெள்ளை இரண்டு நாள் வந்தது. இரண்டு நாளும் கிளைக்கு அந்தப் பக்கம். வால் மட்டும் கிடைத்தது. மனசு இப்படி இருக்கும்போது கை எப்படி நிற்கும்? சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் சொன்னால் மறுநாளே ரசக்கரண்டி கைக்கு வந்துவிடும். பொங்கல் இதோ வந்துவிட்டது. ஐயோ, என்ன செய்வேன்?

டிசம்பர் 28. ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

ஐந்து மணி வாக்கில் பெண்கள் வந்தார்கள். பட்டுப்புடவை, தாம்பாளத்தில் தேங்காய், பூ, பழம். கூடத்தில் பாய் விரித்து என்னை நடுவில் உட்காரச் சொன்னார்கள். அத்தை முகத்தில் அப்படி ஒரு பெருமை, நான் இந்த வீட்டுக்கு வந்து இதுவரை பார்க்காத பெருமை. அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. மகாலட்சுமி அக்கா பூவை எடுத்து என் தலையில் வைக்கப் போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன்.

"அக்கா, வேணாம். நான் நோன்பு இல்ல. சாயங்காலம் ஒரு குருவி குளிக்க வருது. அதப் படம் எடுக்கணும்னுதான் சாப்டாம இருந்தேன். அத்தை கேட்டப்போ ம்னு சொல்லிட்டேன்."

பூ அக்கா கையிலேயே நின்றது. அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"குருவியா?" என்றார் அத்தை. குரல் பாதாளத்திலிருந்து வந்தது.

அப்போதுதான் கொல்லையில் கேட்டது. க்ரீச் என்று ஒரு குரல். அடுத்தது, சளக்.

மரியாதையாவது ஒன்றாவது! எழுந்து ஓடினேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சமையலறையில் வைத்திருந்த கேமராவை எடுத்துக்கொண்டு, வாழை மறைவில் மண்ணிலேயே உட்கார்ந்து லென்ஸைப் பிடித்தேன். வெள்ளை முருங்கையின் தாழ்ந்த கிளையில், இந்தப் பக்கம், என்னைப் பார்த்துக்கொண்டு. ஈரம் சொட்டுகிறது. பின்னால் ராஜகிரிப் பாறை சாம்பல் நிறத்தில் கலங்கி நிற்கிறது. வெளிச்சத்தைக் குறைத்தேன். இன்னும் ஒரு படி. கண்ணில் வைத்தேன். கறுத்த முகத்தில் அந்தக் கறுப்புக் கண்ணைச் சுற்றி நீல வளையம்.

எனக்குப் பின்னால் வளையல் சத்தம். எல்லோரும் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். போச்சு, பறந்துவிடும் என்று நினைத்தேன். அத்தையின் குரல், ரொம்ப மெதுவாக, ரொம்பக் கோபமாக: "எவளாவது அசைஞ்சீங்க!"

திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, அத்தை இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறார்.

வெள்ளை விழுந்தது. தொட்டியில் மார்பு பட்டதும் இரண்டு நாடாவும் தலைக்குமேல் வளைந்து எழுந்தன. தண்ணீர் முத்து முத்தாகத் தெறித்தது. நான் விரலை எடுக்கவே இல்லை. மறுபடி கிளை, மறுபடி தொட்டி. அப்புறம் இறகைச் சிலிர்த்து, வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

கேமராவின் சின்னத் திரையில் பார்த்தேன். ஒவ்வொரு இறகும் தனித்தனியாக இருக்கிறது. கண் இருக்கிறது. கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இருக்கிறது. எடுத்துவிட்டேன்! அடி அனந்தி, நீ எடுத்துவிட்டாய்!

மகாலட்சுமி அக்கா குனிந்து பார்த்தார். "இதுக்கா சாப்டாம இருந்த?"

"ஆமாங்க்கா."

"நானா இருந்தாலும் இருந்திருப்பேன்." கையில் மிச்சமிருந்த பூவை என் தலையில் வைத்துவிட்டார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். அத்தை பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

அப்புறம்தான் கவனித்தேன். அவர் மண்டியிலிருந்து வந்து கூடத்தில் காலித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. சூரியன் மலைக்குப் பின்னால் போயாகிவிட்டது. இன்று வீடு முழுக்கப் பட்டினி.

டிசம்பர் 30. செவ்வாய்

நேற்றெல்லாம் அத்தை என்னோடு பேசவில்லை. இன்று விடியற்காலை கோயிலுக்குக் கிளம்பும்போது நின்று சொன்னார்.

"பொய் சொன்னதுக்கு இன்னிக்கி ஒருநாள் நெஜமா இரு. அந்த பீரங்கிய தொடக்கூடாது."

அது நியாயம். இருந்தேன். கேமரா பீரோவில். சாயங்காலம் வெறுங்கையோடு வாழை மறைவில் உட்கார்ந்தேன். வெள்ளை வந்து, தொட்டியை விட்டுவிட்டு, நான் கை நீட்டினால் எட்டுகிற கொடிக்கம்பத்தில் உட்கார்ந்து நிதானமாக வாலை நீவிக்கொண்டது. ஒரு நாடா என் பக்கம் தொங்கியது. கை பரபரத்தது, அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அசையாமல் இருந்தேன்.

அத்தையும் எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "கிட்டத்துல பாத்தா கருப்புத் தலையில நீலம் அடிக்குது" என்றார். நேற்றிலிருந்து பேசிய இரண்டாவது வார்த்தை.

ஜனவரி 3, 2026. சனி

ஸ்டுடியோவுக்கு நானே போனேன். ஜீவகன் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். பெரிசாக்கினார். கண்ணைப் பார்த்தார். வால் வளைவைப் பார்த்தார். தண்ணீர்த் துளியைப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி, இத யாரு எடுத்துக் குடுத்தது?"

"கொக்கு எடுத்துக் குடுத்தது."

தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நல்ல பிள்ளைதான், வாய்தான் நீளம். சொல்லாமலே பெரிய அளவில் பிரிண்ட் போட்டு, கடை முகப்பில், கல்யாண ஜோடிகள் இருந்த இடத்தில் மாட்டிவிட்டார். கீழே சீட்டு ஒட்டியிருக்கிறார்: "படம்: அனந்தி அஜிததாஸ், செஞ்சி." பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். நானும் முக்காடு போட்டுக்கொண்டு கூட்டத்தில் ஒருத்தியாக நின்று பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா, "வெளிநாட்டுக் குருவி போல" என்றார். இல்லைங்க, எங்கள் வீட்டுக் கொல்லையில் குளிக்கிறது என்றேன். நம்பவில்லை.

ஜனவரி 15. வியாழன்

பொங்கல். கோமதேஷ் வந்திருக்கிறான். சாப்பிட்டு முடித்ததும் ஜீவகன் வந்தார், லென்ஸுக்கென்று புதுசாக ஒரு பையே வாங்கிக்கொண்டு. கோமதேஷ் பீரோவைத் திறக்கப் போனான். சாவி என் இடுப்பில்.

"குடுக்க மாட்டேன்" என்றேன்.

"அம்மா, நான் வாக்கு குடுத்துட்டேன்மா."

"நீ குடுத்த வாக்குக்கு நீ வேற வாங்கிக் குடு. இது என்னுது."

இப்படி ஒரு வாக்கியத்தை இந்த வீட்டில் நான் சொன்னதே இல்லை. சொன்ன பிறகு, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று இருந்தது. கோமதேஷ் அப்பாவைப் பார்த்தான். அவர் கரும்பைக் கடித்துக்கொண்டே, "அவளுதுதான்" என்றார். அத்தை வாயே திறக்கவில்லை. திறந்திருந்தாலும் நான் சாவியைக் கொடுத்திருக்க மாட்டேன்.

ஜீவகன் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தை பொறந்துடுச்சு அண்ணி. முகூர்த்தமா வருது. தூரத்துல நின்னு எடுக்கறதுக்கு இது இருந்தா..."

"லென்ஸ் வேணும்னா லென்ஸோட நானும் வருவேன். என் பேர் போடணும். பொழுது சாயறதுக்குள்ள எனக்கு சாப்பாடு போட்டுடணும்."

"வாங்க அண்ணி" என்றார். யோசிக்கக்கூட இல்லை. புதுப் பையை என்னிடமே கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி 8. ஞாயிறு

காலையில் வல்லத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டும்போது அழாமல், கட்டி முடித்து யாரும் பார்க்காதபோது பெண் அழுதாள். மண்டபத்துக் கோடியில் இருந்து எடுத்தேன். கண்ணில் வைத்துத்தான்.

சாயங்காலம் கொல்லை. இன்னும் சில வாரத்தில் வெள்ளை கிளம்பிவிடும் என்று பார்த்திபன் சொல்கிறார். அவர் மண்டியிலிருந்து வந்த சத்தம் கேட்டது. அப்புறம் அடுப்படியில் பாத்திரம் உருண்ட சத்தம், கரண்டி விழுந்த சத்தம். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையிலும் இரண்டு தட்டோடு வாழை ஓரத்துக்கு வந்து நின்றார். ரசம் தட்டு முழுக்க ஓடியிருந்தது. கொஞ்சம் பொறுங்க என்று கையைக் காட்டினேன். பொறுத்தார். அவரும் சாப்பிடாமலே நின்றார்.

வெள்ளை வந்தது. குளித்தது. எடுத்தேன்.

"அது கொக்கு இல்லதான்" என்றார் மெதுவாக.

துவைக்கிற கல்லில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தோம். மலைக்குமேல் சூரியன் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.